பேஸ்ட் வேண்டாம், குழாயைத் திற

*மாலை 6:12*

அக்கா: சித்தி இருக்கீங்களா? பாப்பா கையில கொதிக்கிற தண்ணி கொட்டிடுச்சு. கத்துறா. பேஸ்ட் தடவவா?

சித்தி: பேஸ்ட் வேண்டாம். குழாயைத் திற. ஓடுற தண்ணிக்குக் கீழ கையைப் பிடி. இப்பவே.

சித்தி: வளையல் இருந்தா உடனே கழட்டிடு. வீங்கிட்டா கழட்ட வராது.

மாமா: ஐஸ் வைம்மா, எரிச்சல் சட்டுனு அடங்கும்.

சித்தி: ஐஸ் வேண்டாம்ண்ணா. வெந்த இடத்துல ரத்த ஓட்டம் சுருங்கிடும், காயம் இன்னும் மோசமாகும். குழாய்த் தண்ணிதான் சரி.

சித்தி: நீ போனை அவர்கிட்ட குடு. உன் ரெண்டு கையும் அவகிட்ட இருக்கட்டும்.

அத்தான்: நான்தான் டைப் பண்றேன் அத்தை. முழுக்கை சட்டை போட்டிருக்கா, நனைஞ்சு கையோட கிடக்கு.

சித்தி: அந்தத் துணியில சூடு நிக்கும், கழட்டிடுங்க. தோலோட ஒட்டியிருந்தா மட்டும் இழுக்காதீங்க. ஒட்டின இடத்தை விட்டுட்டு சுத்தி கத்தரியால வெட்டிடுங்க.

அத்தான்: ஒட்டல. கழட்டியாச்சு. முன்கை முழுக்க சிவந்திருக்கு. கார் எடுக்கட்டுமா?

சித்தி: பேசுறாளா, மூச்சு நல்லா இருக்கா?

அத்தான்: பேசுறா. அழுதுட்டே இருக்கா.

சித்தி: அப்போ முதல்ல தண்ணி. 20 நிமிஷம். இப்ப 6:16, 6:36 வரைக்கும் கையை எடுக்க விடாதீங்க. கொட்டின தண்ணி வழிஞ்சு போனாலும் தோலுக்குள்ள போன சூடு கீழே இறங்கிட்டேதான் இருக்கும். அதை நிறுத்துறது இந்தத் தண்ணி மட்டும்தான். பேஸ்ட், வெண்ணெய், இங்க் எதைத் தடவினாலும் சூடு உள்ளேயே அடைபடும், டாக்டருக்கும் காயம் தெரியாது.

அத்தான்: நடுங்குறா அத்தை.

சித்தி: கை மட்டும் நனையட்டும். மத்த உடம்பைப் போர்வையால மூடுங்க. குழந்தைக்குச் சீக்கிரம் குளிர் ஏறும்.

அம்மா: என் தங்கம் எப்படித் தாங்குதோ. கொப்புளம் வந்திருக்கா?

அத்தான்: மணிக்கட்டுக்கிட்ட ரெண்டு கிளம்பியிருக்கு. குத்தி விடலாமா?

சித்தி: கூடவே கூடாது. அந்தத் தோல்தான் இப்ப அவளுக்குக் கட்டு. கிருமி உள்ள போகாம அது காக்குது.

*மாலை 6:37*

அத்தான்: 20 நிமிஷம் ஆச்சு. அழுகை குறைஞ்சிருக்கு.

சித்தி: நல்லது. பாத்திரம் மூடுற மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் இருக்கா? முதல் சுத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, அடுத்ததைக் காயத்து மேல நீளவாக்கில படிய வைங்க. இறுக்கிச் சுத்தாதீங்க, கை இன்னும் வீங்கும். பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கும்.

சித்தி: இப்ப கார் எடுங்க. பிள்ளையோட உள்ளங்கையை விடப் பெரிய தீக்காயம்னா ஆஸ்பத்திரிதான். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம்னா சின்னதா இருந்தாலும் காட்டணும்.

அத்தான்: கிளம்பிட்டோம்.

மாமா: நீ இல்லன்னா நான் ஐஸ்கட்டியை வச்சு அழுத்தச் சொல்லியிருப்பேன்மா. சரி, ஒண்ணு கேக்கணும். எங்க ஆபீஸ்ல ஒரு பையனுக்கு வலிப்பு வந்தப்போ வாய்ல ஸ்பூனை வச்சாங்க. அது சரியா?

சித்தி: தப்புண்ணா. பல் உடையும், உடைஞ்ச துண்டு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். நாக்கை யாராலயும் விழுங்க முடியாது. வாய்ல எதுவும் வைக்காதீங்க, கைகாலைப் பிடிச்சு அமுக்காதீங்க. தலைக்குக் கீழ மெத்துனு ஏதாவது குடுங்க, கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. முதல் தடவை வலிப்புன்னா சீக்கிரம் நின்னாலும் டாக்டர் பார்க்கணும்.

அம்மா: மூக்குல ரத்தம் வந்தா அண்ணாந்து படுக்கணும், அதானே?

சித்தி: இல்லக்கா, முன்னாடி குனியணும். அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்கு இறங்கி வாந்தி வரும். மூக்கோட மெத்தான பகுதியை 10 நிமிஷம் விடாம பிடிச்சிருக்கணும். நடுநடுவே விட்டுப் பார்க்கக் கூடாது.

அண்ணன்: சித்தி, நம்ம பொடியனுக்கு 8 மாசம். கையில கிடைக்கிறதெல்லாம் வாய்க்குத்தான் போகுது. தொண்டையில அடைச்சா?

சித்தி: இருமுறான், அழறான்னா காத்து போகுதுன்னு அர்த்தம், இருமவே விடு. சத்தமே வரலன்னாதான் ஆபத்து. அப்போ முன்கையில குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கிட்டு, தலை தாழ இருக்கணும். தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பகுதியால 5 தட்டு. வரலன்னா மல்லாக்கத் திருப்பி, நெஞ்சுக்கு நடுவுல 5 அழுத்து. மாத்தி மாத்தி பண்ணிட்டே இரு, கூட இருக்கிறவங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும்.

அண்ணன்: வயித்தை அழுத்துறதுன்னு சொல்வாங்களே?

சித்தி: 1 வயசுக்குள்ள வயித்தை அழுத்தவே கூடாது, ஈரல் நசுங்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தேடவும் கூடாது, இன்னும் உள்ள போயிடும். மயங்கிட்டான்னா உடனே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி வாய் வழியா மூச்சு குடுக்கிறது, ஆரம்பிக்கணும். அது படிச்சா வராது. ஞாயித்துக்கிழமை ஒரு பொம்மையோட வா, ரெண்டையும் செஞ்சு காட்டுறேன். உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, பகல்ல அவதானே தனியா இருக்கா.

அண்ணன்: ரெண்டு பேரும் வர்றோம் சித்தி.