எரிபொருள் உறையில் ஓட்டை: கனநீர் உலைகளில் பார்த்தவை

வேதியியல் பிரிவு:
கல்பாக்கம், கைகா மாதிரியான 220 மெகாவாட் உலைகளை வைத்துச் சொல்கிறேன். எரிபொருள் பண்டில் (கட்டு) ஒன்றுக்கு 19 பின், அதாவது யுரேனிய வில்லைகள் அடுக்கிய மெல்லிய குழாய்கள். அவற்றின் சர்க்கலாய் (சர்க்கோனியக் கலப்புலோகம்) உறை அரை மில்லிமீட்டர் தடிமன்கூட வராது. ஊசித்துளை விழுந்தால் முதலில் குளிர்விக்கும் கனநீரில் கசிவது செனான் 133, பிளவில் உண்டாகும் கதிரியக்க வாயு. பின்னாலேயே அயோடின் 131 ஏறும். அயோடின் 133-ஐயும் சேர்த்தே பாருங்கள். 131-க்கு அரையாயுள் 8 நாள், 133-க்கு 21 மணி நேரம். துளை சின்னதென்றால் அயோடின் 133 உள்ளேயே சிதைந்துபோகும், 131 மட்டும் ஓங்கி நிற்கும். துளை பெரிதானால் 131-க்கும் 133-க்கும் உள்ள விகிதம் இறங்கும். பவர் குறைத்த கையோடு எடுத்த மாதிரியை நம்பவே வேண்டாம். தண்ணீர் துளை வழியே உள்ளே போய், வில்லைக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் படிந்த அயோடினைக் கரைத்துக் கொண்டுவரும். அளவு திடீரென்று எகிறும்.

எரிபொருள் கையாளும் பிரிவு:
சரிதான் சார். ஆனால் பண்டில்கள் வரிசையாக இருக்கும் 306 சேனலில் (குழாயில்) ஓட்டை எதில் என்று அயோடின் சொல்லாது. அதற்குத் தாமத நியூட்ரான்தான், அதாவது சில பிளவுப் பொருள்கள் சிதையும்போது பிந்தி வெளிவரும் நியூட்ரான்: புரோமின் 87 (அரையாயுள் 56 விநாடி), அயோடின் 137 (24 விநாடி). மாதிரிக் குழாயில் கனநீர் நியூட்ரான் எண்ணும் கவுன்டருக்கு வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆக வேண்டும். சீக்கிரம் வந்தால் நைட்ரஜன் 16-இன் (உலையில் கனநீரின் ஆக்சிஜனிலிருந்து உண்டாகி, சில விநாடிகளில் சிதைவது) காமா, கனநீரிலுள்ள டியூட்டீரியத்தில் (கன ஹைட்ரஜன்) பட்டு நியூட்ரான் கிளப்பி எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். இன்னொரு சிக்கல், ஊசித்துளைக்கு இந்தக் கருவி மௌனமாகவே இருக்கும். செனான் ஏறியும் கவுன்டர் அசையவில்லையென்றால் கருவி பழுதென்று முடிவு கட்டிவிடாதீர்கள். சந்தேகச் சேனலில் பண்டில்களை இரண்டிரண்டாகத் தள்ளும்போது எந்த ஜோடி வெளியேறியதும் எண்ணிக்கை விழுகிறதோ, ஆள் அதில்தான்.

எரிபொருள் ஆய்வுப் பிரிவு:
முதல் ஓட்டையைவிட இரண்டாவதுதான் ஆபத்து. காரணம் இரும்புத்துகள் உராய்வோ, மூடி வெல்டிங் குறையோ, திடீர் பவர் ஏற்றத்தில் வில்லை உப்பி அயோடின் அரித்த விரிசலோ, எதுவானாலும் அடுத்து நடப்பது ஒன்றே. உள்ளே போன தண்ணீர் ஆவியாகிச் சர்க்கோனியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். துளைக்கு அருகில் ஆக்சைடு படலம் உறையைக் காக்கும். தள்ளிப்போகப் போக ஆவி தீர்ந்து ஹைட்ரஜன் மட்டும் மிஞ்சும். அங்கே உறை அதை உறிஞ்சி, ஹைட்ரைடு கொப்புளம் கட்டி, நீளமாகப் பிளக்கும். அப்போதுதான் வில்லையே கரைந்து வெளியே வரும்.

வேதியியல் பிரிவு:
அதனால்தான் பண்டிலை எடுத்த பிறகும் அயோடின் 134 (அரையாயுள் 52 நிமிடம்) இறங்காமல் நிற்பது. கரைந்து வெளியே வந்து உலைக்குள் ஒட்டிய யுரேனியம் அங்கேயே பிளந்துகொண்டிருக்கும்.