மறு: வரவெல்லை வேறு, செலவுக்கட்டு வேறு

குழுவினருக்கு வணக்கம். பொருளியல் பாடத்துக்கு நாம் தமிழ்க் கலைச்சொல் தேடும் இரண்டைப் பற்றியது இது: வரவு போடும் எல்லை ஒன்று, உதவி கொடுப்பவர் செலவுக்குப் போடும் நிபந்தனை இன்னொன்று.

> இரண்டுக்கும் ‘பட்ஜெட் கட்டுப்பாடு’ போதுமே, பழகிய சொல்தானே?

கும்பகோணத்து ஐயாவின் கேள்வி நியாயமானது. ஆனாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. வரவும் கடை விலையும் சேர்ந்து போடும் எல்லை எல்லோருக்கும் உண்டு. அதை யாரும் விதித்ததில்லை. ‘இதை இதற்குத்தான் செலவழிக்கலாம்’ என்று கொடுப்பவர் போடும் நிபந்தனை வேறு. முன்னதைப் பாடநூல் ‘வரவு செலவுத் திட்டக் கோடு’ என்கிறது. பிளஸ் ஒன் மாணவருக்கு உடனே நினைவுக்கு வருவது சட்டமன்ற பட்ஜெட். ஆகவே முன்னதற்கு ‘வரவெல்லை’, பின்னதற்கு ‘செலவுக்கட்டு’ என்று முன்மொழிகிறேன்.

ரேஷனையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது. அளவு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். கணக்குக்கு 20 கிலோ, வெளிவிலை கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நீடாமங்கலம் பக்கம் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு மாதம் 30 கிலோ ஆகிறது. அரிசிக்குப் பதில் 1000 ரூபாய் கொடுத்தாலும் அவர்கள் 20 கிலோவுக்கு மேல்தான் வாங்கப் போகிறார்கள். அரிசியாகவே தருவதுதான் இங்கே கட்டு. அது இருக்கிறது, ஆனால் தளர்ந்து கிடக்கிறது. தெரிவும் மாறவில்லை, பயன்பாடும் (நுகர்வில் கிடைக்கும் நிறைவு) மாறவில்லை.

அடுத்த வீட்டில் வயதான இருவர். ரொக்கமாக வந்தால் 10 கிலோதான் வாங்குவார்கள், மீதி மருந்துக்குப் போகும். ரேஷன் அரிசியை விற்கவும் சட்டம் இடம் தராது. இங்கே கட்டு இறுகுகிறது. அதே பெறுமானம் பணமாக இருந்தால் இவர்கள் இன்னும் உயர்ந்த சமநோக்கு வளைகோட்டுக்கு (ஒரே அளவு நிறைவு தரும் தெரிவுகளை இணைக்கும் கோடு), அதாவது கூடுதல் நிறைவுக்குப் போயிருப்பார்கள். (ரேஷன் அரிசியை இட்லி மாவுக்கு வைத்துக்கொண்டு சோற்றுக்குப் பொன்னி வாங்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். அங்கே இரண்டும் ஒரே பண்டம் அல்ல, அதனால் கட்டு இன்னும் சீக்கிரம் இறுகும்.)

‘செலவு வரம்பு’ என்ற யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். வரம்பு இறுகாது, தளராது. பாடத்தின் உயிரே அந்த இரண்டு வினையில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரம். குறுவைக்கு ஆடுதுறை 43 நெல் ரகம் போடுகிறவர் எப்படியும் யூரியாவும் டி.ஏ.பி.யும் வாங்குவார், அவருக்குத் தளர்ந்த கட்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லை எருவும் பஞ்சகவ்யமும் வைத்து வளர்க்கிறவருக்கு அதே உரப்பகுதி இறுகிய கட்டு. மாணவரிடம் இப்படிச் சொன்னால் படம் போடாமலே பாதி புரிந்துவிடும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயில் கட்டே இல்லை. வரவெல்லை இணையாக வெளியே நகர்கிறது, அவ்வளவுதான்.

> ‘செலவுத் தளை’ அழகாக இருக்கிறதே?

அழகுதான் அம்மா. ஆனால் தளை என்றால் விலங்கு. சொல்லிலேயே தீர்ப்பு ஏறிவிடும். ரொக்கம் கொடுத்தால் பெறுபவரின் பயன்பாடு குறையாது என்ற முடிவு, விலை மாறாது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும்போது அரிசி விலை ஏறினால் ஆயிரம் ரூபாய் சுருங்கும், 20 கிலோ சுருங்காது. வீட்டுப் பிள்ளைகளின் தட்டில் சோறு விழ வேண்டும் என்பது கொடுப்பவரின் அக்கறையாகவும் இருக்கலாம். இதையெல்லாம் மாணவர் எடைபோட்டுப் பார்க்கட்டும். கலைச்சொல் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அப்புறம், படத்தில் கோடு திரும்பும் இடத்துக்கு, அதாவது இலவச 20 கிலோ முடிந்து காசுக்கு அரிசி வாங்கத் தொடங்கும் இடத்துக்கு, ஒரு சொல் வேண்டும். கட்டு இறுகிய நுகர்வோர் நிற்பது அந்த முனையில்தான். அங்கே இறுதிநிலைப் பதிலீட்டு வீதம் (ஒரு பண்டம் கூடுதலாகக் கிடைக்க மற்றதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்ற அளவு) விலை விகிதத்துக்குச் சமமாக வராது. ‘முறிமுனை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கோடு அங்கே முறியவில்லை, மடங்குகிறது. அதனால் ‘மடங்குமுனை’ எனக்குச் சரியாகப் படுகிறது. வளைகோட்டை ‘வளையி’ என்று எழுதும் இலங்கை நண்பர்களிடம் இதற்கு ஏற்கெனவே சொல் புழக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
திருவாரூரிலிருந்து