விதைநீக்கத்துக்குப் பின் பருத்துவரும் ஆண் பூனை: உணவின் அளவு பற்றி உதவி தேவை

இராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் நாங்கள் வளர்க்கும் நாட்டு ஆண் பூனைக்குக் கடந்த தை மாதம், ஒன்றரை வயதில், விதைநீக்க அறுவை செய்தோம். அப்போது 4 கிலோ இருந்தவன் இப்போது 5.6 கிலோ இருக்கிறான். கடுவன்களுக்கே உரிய தடித்த கன்னச் சதை வற்றி முகம் ஒடுங்கியது இயல்புதான் என்று அறிவேன்; என் கவலை அவன் உடலைப் பற்றியது. அடிவயிற்றில் தொங்கும் தோல்மடிப்பு பல பூனைகளுக்கும் உண்டு என்றாலும், இவனுக்கு விலா எலும்பையே விரலால் அழுத்தித் தேடித்தான் உணர முடிகிறது. மதில் மேல் ஏறவும் தயங்குகிறான்.

விதைநீக்கத்துக்குப் பின் பசி கூடி, உடலுக்கு வேண்டிய ஆற்றல் குறையும் என்பதால் சோற்றை நிறுத்தினோம். முள் நீக்கி அவித்த சூடை மீனை இரு வேளை மட்டும் வைத்து, உலர் தீவனத்தைப் பாதியாக்கினோம். கரையில் ஒதுக்கிப்போடும் மீனைத் தின்னப் போகாதபடி வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். எடை இறங்கவில்லை. பரிசோதித்த கால்நடை மருத்துவர் நோய் ஏதுமில்லை, உணவைக் குறையுங்கள் என்றார், அளவு சொல்லவில்லை. திடீரென வெகுவாகக் குறைத்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து உண்டு என்பதால் அஞ்சுகிறேன்.

மீனும் உலர் தீவனமும் சேர்த்து இவனுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் கொடுத்தால் எடை பாதுகாப்பாகக் குறையும்?