ஆசிரியர் பயிற்சி மண்டபத்திலா, வகுப்பறையிலா?

படுவான்கரை ஆசிரியை:

செயலமர்வுக்கு வரச்சொல்லி மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. ஆரம்பப் பிரிவுக் கணிதம், பாடசாலை நேரம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மண்டூர்ப் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றில் 3ஆம் தரத்துக்குக் கற்பிக்கிறேன். குருமண்வெளிக்குப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது முதல் அமர்வு பாதி முடிந்திருக்கும். திரையில் ஓடுவதோ ஆசிரியர் வழிகாட்டியில் அச்சிட்டிருப்பதுதான். அதை ஏற்கெனவே வீட்டில் வாசித்துவிட்டேன்.

வாண்மை விருத்திக்கு, அதாவது எங்கள் தொழில்திறனை வளர்ப்பதற்கு, அரசாங்கம் ஒதுக்கும் பணம் முதலில் எங்களுக்கு வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகரைப் பாடசாலைக்கு அனுப்புவதற்குச் செலவாக வேண்டும். அவர் என் வகுப்பில் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து நான் கற்பிப்பதைப் பார்க்கட்டும். பிறகு இருவரும் பேசுவோம். மண்டபம், பதாகை, சாப்பாட்டுப் பொதி, பயிற்சி நடத்தும் வளவாளருக்கான கொடுப்பனவு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். இதை மேலிடத்துக்குக் கடிதமாக எழுத இருக்கிறேன். இங்கே பலரும் இந்தத் துறையில் இருப்பவர்கள். உங்கள் கருத்து என்ன?

ஓய்வுபெற்ற ஆலோசகர்:

மகள், உங்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் மண்டபத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.

2007இல் 6ஆம், 10ஆம் தரங்களுக்குத் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் வந்தது. அதே ஆண்டு படுவான்கரைச் சனங்கள் போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தார்கள். ஆசிரியர்களும் அவர்களோடுதான் இருந்தார்கள். ஒரே இடத்துக்குக் கூப்பிட்டு எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால், அந்தப் பாடத்திட்டம் வாவிக்கு மேற்கே எட்டியே இருக்காது. 2026இல் முதலாம் தரத்துக்குப் புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது. ஒரு ஆலோசகர் பாடசாலை பாடசாலையாகப் போய் அதை விளக்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் இரண்டாம் தரத்துக்குப் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சிறிய பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர்தான் இருப்பார். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? பக்கத்துப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரை அவர் சந்திப்பது செயலமர்வில்தான். ஆசிரிய நிலையங்களைக் கட்டியதே அதற்காக. அவற்றைப் பூட்டி வைத்தால் கூரை ஓடுதான் மிஞ்சும்.

கல்முனைப் பெற்றோர்:

நான் ஆசிரியர் இல்லை. மகள் 4ஆம் தரத்தில் படிக்கிறாள். நீங்கள் இருவரும் உங்கள் வசதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். செயலமர்வு நாளில் வகுப்பில் யார் நிற்கிறார்கள்? பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் நின்று இரண்டு வகுப்பையும் பார்க்கிறார். பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுக்கிறார்கள். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசாங்கம் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும்போது பதில் ஆசிரியருக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் விடுமுறையில் வையுங்கள்.

படுவான்கரை ஆசிரியை:

பெற்றோர் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. ஆலோசகர் வகுப்புக்கு வந்தால் வகுப்பு தனித்து நிற்காது.

ஐயா, வகுப்பில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் என் வகுப்பில் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். நான் பிழை போட்டுத் திருத்திக் கொடுப்பேன். மறுநாளும் 35தான் வரும். ஒருநாள் ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார். பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லித் தா" என்று கேட்டார். "இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்தேன்" என்றான் பிள்ளை. அவன் கவனக்குறைவாகச் செய்யவில்லை. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு, அதை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறான்.

ஆலோசகர் தென்னை ஈர்க்கைத் துண்டு துண்டாக முறித்தார். பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. "இதிலிருந்து 27 எனக்குத் தா" என்றார். பிள்ளை இரண்டு கட்டைக் கொடுத்தான், உதிரி இரண்டையும் கொடுத்தான், பிறகு கையில் இருந்த கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் சொல்லாமலே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றினான். மிஞ்சியதை எண்ணி 25 என்றான்.

ஈர்க்குக் கட்டைப் பற்றி வழிகாட்டியில் இருக்கிறது, செயலமர்விலும் சொன்னார்கள். அதை எந்தப் பிள்ளைக்கு, எந்தக் கேள்விக்குப் பிறகு கொடுக்க வேண்டும் என்பதை வகுப்பில்தான் கண்டேன். அந்த ஆலோசகர் மறுபடி வரவில்லை. வருவதற்கு அவருக்கு மோட்டார் சைக்கிள் எண்ணெய்க் காசு கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

திருக்கோவில் வலயத்து அதிபர்:

ஆசிரியையின் உதாரணத்தை மதிக்கிறேன். ஆனாலும் அவரது முடிவோடு உடன்பட முடியாது.

ஆசிரியரின் வகுப்புக்கே போய்த் தொடர்ந்து வழிகாட்டும் முறையைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் மூவர் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். கற்பித்தலும் மாணவர் பெறுபேறும் உயர்கின்றன என்றுதான் அதில் இருக்கிறது. ஆனால் திட்டத்தில் சேரும் ஆசிரியர் தொகை கூடக் கூட அந்தப் பயன் குறைகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கைதேர்ந்த வழிகாட்டி ஒருவர் சிலருக்குச் செய்வதை ஒரு மாகாணம் முழுவதும் செய்ய ஆள் எங்கே? அட்டாளைச்சேனையிலும் தாழங்குடாவிலும் கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. அவை புதிய ஆசிரியர்களை உருவாக்குகின்றன. வளர்ந்த ஆசிரியருக்கு வழிகாட்டுவது வேறு கலை. அதற்கு ஆலோசகரே முதலில் பயில வேண்டும்.

அடுத்தது பயம். ஆலோசகர் வருகிறார் என்றால் என் ஆசிரியர்கள் பாடக்குறிப்பை அவசரமாக எழுதி முடிக்கிறார்கள். ஏனென்றால் உதவ வருபவரிடமே குறிப்புப் புத்தகத்தைப் பரிசோதிக்கும் வேலையும் கொடுக்கப்படுகிறது. தன் இயலாமையை மேலிடத்துக்கு அறிக்கை எழுதுபவரிடம் யார் மனம்விட்டுச் சொல்வார்? செயலமர்வில் முகம் தெரியாத நூறு பேருக்கு நடுவில் இருப்பது சிலருக்கு அதைவிடப் பாதுகாப்பு.

ஆய்வுகூட உதவியாளர்:

இவ்வளவு நேரமும் ஆசிரியர், ஆலோசகர் என்றே பேசுகிறீர்கள். பாடசாலை என்றால் அவர்கள் மட்டுமா? அமிலப் போத்தலைத் திறப்பதும், தண்ணீர் கலந்து ஐதாக்குவதும், உடைந்த குடுவையைப் பொறுக்குவதும் நாங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதை எனக்கு முன்னர் இங்கே வேலை செய்த அண்ணன் சொல்லித் தந்தார். அரசாங்கத்தின் எந்தப் பயிற்சியும் எனக்கு அதைச் சொல்லவில்லை. நூலகத்தில் இருப்பவரும் காரியாலயத்தில் இருப்பவரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். கல்விசாரா ஊழியருக்கு என்ன ஒதுக்குவீர்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஓய்வுபெற்ற ஆலோசகர்:

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். எண்ணெய்க் காசு பற்றி ஆசிரியை சொன்னதும் உண்மை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் ஆலோசகர்களுக்குப் பாடசாலைக்குப் போக வழியே இருக்கவில்லை.

அதிபர் பயத்தைச் சொன்னார். மற்றொரு சுமையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பாடசாலை திறந்தபோது மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களின் கரையோரத்திலும் தன் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஆசிரியர்கள் பிறர் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பிள்ளைகளின் மனதை எப்படித் தேற்றுவது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களைத் தேற்றியவர் யார்? அன்று நான் பணியாற்றிய பகுதியில் ஆசிரியர்கள் மாலையில் ஒன்றாகக் கூடி இருந்து பேசியதே அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். ஆதரவு என்று அரசாங்கம் எழுதும்போது இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அந்தக் கூடலுக்குத்தான் நிலையம் வேண்டும் என்கிறேன், மகள். நீங்கள் சொல்வதுபோல் ஆசிரியர் தன் வகுப்புக்குள்ளேயே பயிற்சி பெற்றால் தனியாகவே இருந்துவிடுவார்.

கல்முனைப் பெற்றோர்:

விடுமுறையில் வைப்பது பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.

படுவான்கரை ஆசிரியை:

நான் சொல்கிறேன், அம்மா. ஆரம்பப் பிரிவில் எங்களில் பெரும்பாலானோர் பெண்கள். விடுமுறையில்தான் வீட்டுப் பெரியவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறோம், சொந்தப் பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கிறோம். கொடுப்பனவு இல்லாமல் அந்த நாட்களையும் கேட்டால் நான் எதிர்ப்பேன். பதில் ஆசிரியருக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டதைத்தான் என் கடிதத்தில் எழுதப் போகிறேன்.

அதிபர் சேர், பரிசோதிப்பவரும் உதவுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆள் போதாது என்பதற்காக மண்டபத்துக்கே போவோம் என்பதை ஏற்க மாட்டேன். செயலமர்வில் நூறு பேர் இருப்பது பாதுகாப்பு என்றீர்கள். அங்கே வாய் திறக்காமல் இருந்துவிட்டு வரலாம் என்பதுதான் அந்தப் பாதுகாப்பு. 2014இல் வந்த ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு, அதாவது சேவை விதிகள், பதவித் தர உயர்வுக்குப் பயிற்சியை நிபந்தனையாக்கிய பிறகு, சான்றிதழுக்காகவே வந்து கையொப்பமிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆலோசகரோடு வகுப்பில் இருந்த நேரத்தையும் அந்தப் பயிற்சி மணித்தியாலங்களில் கணக்கிட வேண்டும் என்று கேட்கிறேன்.

ஐயா, புதிய பாடத்திட்டத்துக்கு ஒரு நாள் மண்டபத்துக்கு வருகிறேன். மாலையில் கூடிப் பேச நிலையத்துக்கும் வருகிறேன், கடைசிப் பாதைப் படகு போவதற்கு முன் விட்டுவிடுவீர்கள் என்றால்.

திருக்கோவில் வலயத்து அதிபர்:

கடிதத்தில் நானும் ஒப்பமிடுகிறேன். ஆய்வுகூடத் தம்பியின் கோரிக்கையையும் அதில் சேருங்கள். எண்ணெய்க் கொடுப்பனவைத் தூரத்தைப் பார்த்துத் தனியாகக் கேளுங்கள். தூரத்தில் இருக்கும் கதிரவெளிக்குப் போகிறவருக்கும் பட்டினத்துக்குள் ஓடுகிறவருக்கும் ஒரே தொகை என்றால் கதிரவெளிக்கு ஒருவரும் போக மாட்டார்கள். வகுப்பறை நேரத்தைத் தர உயர்வுக்குக் கணக்கிடும் யோசனைக்கு மட்டும் நான் இன்னும் எதிர்ப்புத்தான். அந்த மணித்தியாலங்களுக்கு யார் சான்று எழுதுவது? ஆலோசகர்தான் எழுத வேண்டும் என்றால் அவர் மறுபடியும் பரிசோதகர் ஆகிவிடுவார்.