ஒரே அளவுள்ள இரண்டு கிளவுன் மீன்கள் ஓயாமல் சண்டையிடுகின்றன: ஜோடி சேர்ப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் என் வீட்டில் 200 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பதினான்கு மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26 முதல் 27 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம். தொடக்கத்திலிருந்தே ஓசெல்லாரிஸ் வகைக் கிளவுன் மீன் ஒன்று மட்டும் அதில் இருந்தது. இப்போது அது ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. அது தன்னந்தனியாகப் பாறையைச் சுற்றி வருவதைப் பார்க்க மனம் பொறுக்காமல், சென்ற ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். சிறியதை விட்டால் பெரியது கடித்துக் கொன்றுவிடும் என்று பயந்து, அதே அளவுள்ள மீனாகவே கேட்டு வாங்கினேன்.

முதல் நாள் இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வந்தன. மறுநாள் காலையில் விளக்கைப் போட்டபோது இரண்டும் வாயோடு வாயைக் கவ்விக்கொண்டு சுழன்றுகொண்டிருந்தன. புதிய மீனின் வால் துடுப்பு கிழிந்திருக்கிறது. நேற்றிலிருந்து அது நீர்மட்டத்துக்குக் கீழே, ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறது; உணவு போட்டாலும் வெளியே வருவதில்லை. கொஞ்ச நாள் பொறுத்தால் பழகிவிடுமா? ஆண், பெண் பார்த்து வாங்குவதற்கு வழி ஏதும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நண்பருக்கு வணக்கம். விளக்கம் பிறகு இருக்கட்டும்; இன்றிரவே புதிய மீனைத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டுத் தொட்டியின் ஓரமாகத் தொங்கவிடுங்கள். கிளவுன் மீன்கள் வாயைக் கவ்விச் சண்டையிடும் நிலைக்கு வந்துவிட்டால், தானாகத் தணியும் என்று காத்திருப்பது ஆபத்து. கடிபட்டு ஒடுங்கிய மீன் உணவை நிறுத்திவிடும். கிழிந்த துடுப்பில் கிருமி தொற்றினால் இரண்டு மூன்று நாட்களில் மீன் இறந்துவிடும்.

இனி, ஏன் இப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். கிளவுன் மீன் குஞ்சுகளில் பிறவியிலேயே பெண் என்று எதுவும் கிடையாது. ஒரு கடல் அனிமோனில் (பூப்போல இழைகள் விரித்துப் பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிரி) சேர்ந்து வாழும் கூட்டத்தில் எல்லாவற்றிலும் பெரியது பெண்ணாகிறது. அதற்கு அடுத்த பெரியது இனப்பெருக்கம் செய்யும் ஆணாகிறது. மற்றவை வளர்ச்சியடையாமல், முறை வரும்வரை காத்திருக்கின்றன. பெண் இறந்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாக மாறும். காத்திருந்தவற்றுள் பெரியது ஆணாகும். பெண்ணாக மாறிய மீன் மீண்டும் ஆணாவதே இல்லை. உங்கள் இக்கட்டு முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது. ஓராண்டுக்கு மேல் தனியாக இருந்து ஏழு சென்டிமீட்டர் வளர்ந்த உங்கள் மீன் பெரும்பாலும் பெண்ணாகியிருக்கும், அல்லது அந்தப் பாதையில் வெகுதூரம் வந்திருக்கும். அதே அளவில் நீங்கள் வாங்கிய மீனும் பெண்ணாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டு பெண்கள் ஒரே தொட்டியில் இருந்தால் ஏதேனும் ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது.

சிறியதை விட்டால் கொன்றுவிடும் என்று நீங்கள் பயந்தது இயல்புதான், ஆனால் கிளவுன் மீனைப் பொறுத்தவரை சிறியதாக இருப்பதே அதற்குக் காப்பு. பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர் பாப்புவா நியூ கினியில் பெர்குலா வகைக் கிளவுன் மீன்களை அளந்து ஆராய்ந்து, 2003இல் நேச்சர் இதழில் எழுதினார். ஒவ்வொரு மீனும் தனக்கு மேல்நிலையில் உள்ள மீனைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே இருக்கும்படித் தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது என்பதே அவர் கண்டது. மேலே உள்ளதை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தால் அனிமோனை விட்டு விரட்டப்படும். விரட்டப்பட்டால் வேறு மீனுக்கு இரையாகிவிடும். உங்கள் வீட்டுப் பெரிய மீனின் கண்ணுக்கு, தன் அளவே உள்ள மீன் தன் இடத்தைப் பறிக்க வந்த மீன்தான்.

ஆகவே புதிய மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே ஓசெல்லாரிஸ் வகையில் மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் பத்து இருபது குஞ்சுகள் ஒன்றாக நீந்தும் தொட்டியிலிருந்து, மற்றவற்றுக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்குவதாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஆண் பெண் பார்த்து வாங்கும் வேலையே இதில் இல்லை. முடிந்தால் பண்ணையில் பொரித்த குஞ்சாக வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கிளவுன் மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கிறது. பண்ணைக் குஞ்சு உலர் உணவுக்கும் தொட்டிக்கும் பழகியே வரும்.

மறுமொழி 2

மேலே ஐயா சொன்னது முற்றிலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சிறிய குஞ்சாகவே இருந்தாலும் நேராகத் தொட்டியில் விடாதீர்கள். ஒரு வாரமாவது அதே துளைப் பெட்டியில் வைத்து, பெரிய மீன் பெட்டியின் அருகே வந்து என்ன செய்கிறது என்பதைத் தினமும் பாருங்கள். முதல் நாட்களில் அது பெட்டியின் சுவரை முட்டும். முட்டுவது குறைந்து, பெட்டிக்கு அருகிலேயே நின்று உணவு உண்ணத் தொடங்கிய பிறகு, மாலையில் விளக்கை அணைத்துவிட்டுக் குஞ்சை விடுங்கள். அதற்கு முன் பாறைகளில் இரண்டு மூன்றை இடம் மாற்றி வைத்தால், பெரிய மீனுக்குத் தன் எல்லை எது என்பது சற்றுக் குழம்பும்.

இன்னொன்று, வகை மாறக் கூடாது. நான் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிய காலத்தில், வண்ணம் பொருத்தமாக இருக்கும் என்ற ஒரே ஆசையில் ஓசெல்லாரிஸ் மீனுடன் மரூன் கிளவுன் மீனைச் சேர்த்து விட்டேன். மரூன் வகை கிளவுன்களிலேயே மிகவும் மூர்க்கமானது. தன் சொந்த ஆணையே சில நேரம் அடித்துத் துரத்தும். நான்காம் நாள் காலையில் என் ஓசெல்லாரிஸ் வடிகட்டியின் வாய்க்கு அருகே கிடந்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மீன் பிழைத்திருக்கும் என்ற வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்டதைப் பார்த்ததும் உடனே எழுதுகிறேன்.

மறுமொழி 3

கிளவுன் மீனுக்குச் சொன்ன விதி எல்லாக் கடல் மீன்களுக்கும் பொருந்தாது என்பதையும் இங்கே பதிவுசெய்வது நல்லது, ஏனெனில் ஜோடி வைக்க விரும்புபவர்கள் அடுத்து இவற்றைத்தான் தேடுவார்கள்.

மாண்டரின் மீனில் ஆணும் பெண்ணும் பிறவியிலேயே வேறு. முதல் முதுகுத் துடுப்பில் நீண்ட முள் எழுந்து நிற்பது ஆண். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடக் கூடாது. அதைவிட முக்கியம், அவை பாறையில் ஊரும் நுண்ணிய கோப்பிபாடு உயிரிகளையே நாள் முழுவதும் கொத்தித் தின்பவை. 200 லிட்டர்த் தொட்டியில் ஒரு ஜோடிக்கு அது போதாமல் மெல்ல மெல்ல மெலிந்துவிடும்.

பாங்காய் கார்டினல் மீனில் கண்ணால் பார்த்து ஆண் பெண் பிரிப்பது கடினம். நான்கைந்தைச் சேர்த்து வாங்கினால், அவற்றுள் இரண்டு ஜோடியாகிவிட்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும்; அப்போது மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். அந்த இனத்தில் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாப்பது ஆண்தான். அடைகாக்கும் நாட்களில் அது உண்பதில்லை. இந்தோனேசியாவில் பாங்காய்த் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழும் இந்த மீன் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், பண்ணையில் பிறந்தவற்றை மட்டுமே வாங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஜோடி என்றதும் சிலர் கடல்குதிரையையும் கேட்பார்கள். இந்தியாவில் 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்ட உயிரினம். யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அன்றிரவே மீனைப் பிரித்துவிட்டேன். ஒரு வாரத்தில் துடுப்பு ஓரளவு கூடிய பிறகு, தனித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். அதன்பின் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத குஞ்சு ஒன்றை வாங்கி, ஒன்பது நாட்கள் பெட்டியில் வைத்து, இருட்டிய பிறகு விட்டேன்.

மறுநாள் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பெரியது வேகமாகக் குஞ்சை நோக்கி வந்தது. குஞ்சு ஓடவில்லை. இருந்த இடத்திலேயே உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, தலை முதல் வால் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் நடுங்கியது. பெரியது ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இப்படி அன்று எத்தனையோ முறை நடந்தது. இப்போது இரண்டு வாரங்கள் ஆகின்றன. இரவில் இரண்டும் பம்புக்கு அருகில் ஒரே மூலையில் உறங்குகின்றன. பகலில் பெரியது அவ்வப்போது குஞ்சைத் துரத்துகிறது. இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

மறுமொழி 1

மிகவும் மகிழ்ச்சி, நண்பரே. நீங்கள் கண்ட அந்த நடுக்கம்தான் பணிதல். "நான் உனக்குக் கீழ்ப்பட்டவன்" என்று குஞ்சு சொல்வதும், பெரியது அதை ஏற்றுக்கொள்வதும் அதில்தான் நடக்கிறது. அவ்வப்போது துரத்துவது வாழ்நாள் முழுவதும் இருக்கும். துடுப்பு கிழியாமல், குஞ்சு தவறாமல் உணவுக்கு வந்துகொண்டிருக்கும்வரை கவலை வேண்டாம்.

குஞ்சு முதிர்ந்து ஜோடி முட்டையிடச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவை உறங்கும் மூலையில் சிறிய மண்சட்டி ஒன்றைச் சாய்த்து வைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சட்டியின் உட்புறத்தை வாயால் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கினால் முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். முட்டைகள் முதலில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். நாட்கள் செல்லச் செல்ல ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் புள்ளிகளாகக் குஞ்சின் கண்கள் தெரியும். ஏழு முதல் பத்து நாட்களில், விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். அந்த நாட்களில் தொட்டிக்குள் கை விட வேண்டியிருந்தால் கையுறை அணிந்துகொள்ளுங்கள்; உங்கள் பெரிய மீன் உங்களையும் கடிக்கும்.