சீமக்கருவய மொத்தமா புடுங்குனா பறவை எங்க உக்காரும்?

எங்க ஊரு நாங்குநேரி பக்கம், மானாவாரிக் குளம், ஐப்பசி கார்த்திகைல பெருகும், ஆடிக்குள்ள தரை வெடிச்சுக் கெடக்கும். வத்துனா குளம் செத்துப்போச்சுன்னு நிறைய பேர் நெனைக்காங்க, அப்படி இல்லங்க, தண்ணி வத்த வத்தத்தான் மீனெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும், நாரைக்கு அப்பதான் நல்ல தீனி.

குளம் பூரா சீமக்கருவ அடைச்சு நின்னுச்சு, ஜேசிபி வச்சு ஒரேயடியா புடுங்கிரலாம்னு ஊர்ல பேச்சு வந்தப்ப நான் கூந்தன்குளம் போய் பாத்துட்டு வந்தேன். 1994லயே பறவை சரணாலயமா அறிவிச்சாச்சு, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் 2022ல சேந்துருச்சு. அங்க கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் தெருவுல நிக்குற மரத்துலயே கூடு கட்டியிருக்கு, எச்சம், மீன் வீச்சம் எல்லாம் உண்டு, ஆனா யாரும் விரட்டல, தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டாங்க. அங்க ஒரு அண்ணாச்சிகிட்ட எங்க திட்டத்தச் சொன்னேன், "எல்லாத்தையும் வெட்டிட்டா வர்ற பறவை எங்க தம்பி உக்காரும், தரையிலயா?"ன்னு கேட்டாரு.

அதான் கொக்கு கூடு இருந்த மரங்கள விட்டுட்டு, குஞ்செல்லாம் பறந்து குளமும் காஞ்ச பொறவு ஓரத்துல இருந்து ஆரம்பிச்சோம். வேரோட எடுக்கணும், மேலாக்க வெட்டுனா திரும்ப புதரா தழைச்சிரும். நெத்த ஆடு மாடு தின்னு விதைய பரப்பிருது, அதனால ஒவ்வொரு மழைக்கும் முளைக்குற கன்ன கையால பிடுங்கணும், ஜேசிபி வர்ற அன்னைக்கு ஊரே நிக்கும், இந்த வேலைக்குத்தான் ஆள் வரணும்.

எடுத்த இடத்துல நாட்டுக்கருவ வச்சோம், மாசக்கணக்குல தண்ணியில நின்னாலும் தாங்கும். கரையோரம் நீர்மருது, புங்கு, கரை மேல பனை. வெட்டுன சீமக்கருவ முள்ளயே கன்ன சுத்தி அடைச்சு வச்சா ஆடு கிட்ட வராது.

இன்னொன்னு, ஆழப்படுத்துறோம்னு கரம்பைய அள்ளி குளத்த கிணறு மாதிரி ஆக்கிராதீங்க. நாரைக்கு கால் ஊனி நடக்க ஆழமில்லாத தண்ணி வேணும், ஓரம் சரிவாத்தான் இருக்கணும்.

நாட்டுக்கருவ விதைய ஆட்டுப்பட்டியில பொறுக்குங்க, ஆடு வயித்துக்குள்ள போயிட்டு வந்த விதைதான் நல்லா முளைக்கும். வேடந்தாங்கல்ல நீர்க்கடம்புலதான் நிறைய கூடு, தெக்க காஞ்ச மண்ணுல அத வச்சுப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா எப்படி வருதுன்னு சொல்லுங்க, வர்ற மழைக்கு முன்னாடி கன்னு வாங்கணும்.