குடல் நோயெதிர்ப்பு ஆய்வு: மருத்துவம் படிக்காதவருக்கு இடமுண்டா?

கேள்வி (பாலக்கோடு):
வணக்கம். என் தங்கை தருமபுரியில் முதுகலை நுண்ணுயிரியல் முடிக்கப்போகிறாள். குடலின் நோயெதிர்ப்பாற்றல் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்வதில் உறுதியாக இருக்கிறாள். வீட்டில் பெரியவர்களோ, மருத்துவம் படிக்காதவளுக்கு வயிற்று நோய் ஆராய்ச்சியில் என்ன வேலை, பி.எட். முடித்துப் பள்ளியில் சேரலாமே என்கிறார்கள். ஆய்வுக் காலத்தில் செலவுக்கு என்ன வழி, பின்னர் கல்லூரிப் பணி கிடைக்குமா என்பதை விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓசூர்):
மருத்துவப் பட்டம் இல்லாதது தடையன்று. எண்டோஸ்கோப்பி வழியாகத் திசுவை எடுப்பவர் மருத்துவர். அதிலிருந்து செல்களைப் பிரித்து ஆராய்பவர்களில் பலர் அறிவியல் பட்டதாரிகள்தாம். அரிசி மணியளவு திசு பனிக்கட்டியில் வந்து சேர்ந்ததும், மேற்படலச் செல்களை நீக்கி, மீதியை நொதியால் கரைத்து, சாயமேற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே செலுத்தி வகைபிரிக்கும் கருவி) ஓட்டி முடிப்பதற்குள் இரவாகிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் பல செல்கள் செத்துவிடும். அந்தப் பொறுமை தங்கைக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. வீட்டு வாடகைப்படி தனி.

மறுமொழி (கிருஷ்ணகிரி):
ஆய்வகத்தின் பெயரைவிட ஆய்வுக் கேள்வியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிராக வாய்வழியாகத் தரும் தடுப்பு மருந்து, அந்த வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கைச் செல்வ நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் தடுக்க, டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்ட நம் நாட்டுத் தடுப்பு மருந்தான ரோட்டாவாக் குழந்தையின் முதல் ஆண்டில் ஏறத்தாழ 56 விழுக்காடே தடுத்தது. தாய்ப்பாலின் எதிர்ப்புப் பொருள்களா, குடலில் ஓயாத தொற்றா, அங்கு வாழும் நுண்ணுயிர்களா என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இது நம் குழந்தைகளின் குடலைப் பற்றிய கேள்வி என்பதால் இங்கேயே ஆராய வேண்டியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் ஆய்வுக்கு நீண்ட மரபும் உண்டு. எளிதில் செரிக்காத மாவுச்சத்தை உப்புச் சர்க்கரைக் கரைசலில் சேர்த்தால் காலரா வயிற்றுப்போக்கு விரைவில் அடங்குகிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அங்கு நடந்ததே.

பணியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: முனைவர் பட்டத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வில் (பட்டத்துக்குப் பின் ஓர் ஆய்வகத்தில் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி) இருந்த பிறகே பெரும்பாலோருக்கு நிலையான இடம் அமைகிறது. ஆகவே பதிவு செய்வதற்கு முன் ஏதேனும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் வேலை பார்க்கட்டும். பெரியவர்களும் அதற்குள் மனம் மாறக்கூடும்.